கை போனாலும் நரம்பு பேசுகிறது

போரில் கையை இழந்த பலர், இல்லாத விரல்கள் இன்றும் வலிப்பதாகச் சொல்கிறார்கள். அதை மனப்பிரமை என்று ஒதுக்கிவிட முடியாது. கைக்குச் சென்ற நரம்பு எஞ்சிய பகுதியில் உயிரோடுதான் இருக்கிறது. மூளையின் கட்டளையும் அதன் வழியே வந்துகொண்டிருக்கிறது.

சோடியம், பொற்றாசியம் அயன்கள் நரம்புக்கலத்தின் மென்சவ்வைக் கடக்கும்போது எழும் சிறு மின்மாற்றமே அந்தக் கட்டளை. அதை இலத்திரனியல் கருவிக்குப் புரியவைப்பதுதான் சிக்கல். 2002இல் சிக்காகோவில் ரொட் குய்க்கன் குழுவினர், இரு கைகளையும் இழந்த ஒருவரின் கை நரம்புகளை மார்புத் தசைக்குத் திருப்பினர். அவர் கையை மூட நினைத்ததும் மார்புத் தசை சுருங்கியது. தோலின்மேல் வைத்த மின்வாய்கள் அந்தச் சமிக்ஞையைப் பிடித்துச் செயற்கைக் கையை இயக்கின.

கருவியை உடலுக்குள்ளேயே பதிப்பதும் இப்போது நடக்கிறது. அங்கேதான் எச்சரிக்கை தேவை. பார்வை இழந்தோரின் விழித்திரையில் பதிக்கும் 'ஆர்கஸ் 2' கருவியை உலகில் 350க்கும் மேற்பட்டோர் பெற்றிருந்தனர். அமெரிக்காவின் செக்கன்ட் சைட் நிறுவனம் 2019இல் அதன் உற்பத்தியை நிறுத்தியது. பழுதானால் திருத்த ஆளில்லாமல் சிலர் மீண்டும் இருளுக்குத் திரும்பினர்.

ஜெய்ப்பூர் கால் எளிய கருவிதான். ஆனால் தேய்ந்தால் யாழ்ப்பாணத்திலேயே திருத்தலாம். நாளை நரம்போடு பேசும் கை நமக்கும் வரக்கூடும். அப்போது விலையோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: பத்து வருடங்களின் பின் இதைத் திருத்தித் தருவது யார்?