'கம்யூனிகேஷன் எரர்' என்று எழுதிய புண்ணியவானுக்கு

பொங்கலுக்கு ஊருக்குப் போனா பொங்கலை மட்டும் சாப்பிட்டுட்டு வரமுடியாது. அதுவும் நாமக்கல் பக்கம் சொந்தம் இருந்து, நீங்க கம்ப்யூட்டர் படிச்சவனா வேற இருந்தா, கண்டிப்பா ஏதாவது ஒரு லாரி உங்களுக்காகக் காத்திருக்கும்.

எனக்குக் காத்திருந்தது சித்தப்பாவோட வண்டி. பிஎஸ்6. கேரளாவுக்கு முட்டை லோடு ஏத்த வேண்டிய வண்டி, ரெண்டு நாளா செட்டுல நிக்குது. டேஷ்போர்டுல செக் லைட் எரியுது, பிக்கப் சுத்தமா இல்லை. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகள்ல இது சகஜம். யூரியா சிஸ்டத்துல கோளாறுன்னு கம்ப்யூட்டர் நினைச்சுட்டா, அதுவே இன்ஜின் பவரைக் குறைச்சிடும். அப்புறம் ஸ்கேனர் போட்டு என்ன கோடுன்னு பார்த்து சரி பண்ணாத வரைக்கும் மேடு ஏறாது.

சிக்கல் என்னன்னா, ஸ்கேனர் வண்டியோட பேசவே மாட்டேங்குது. மெக்கானிக் லேப்டாப்புல ஒரே ஒரு வரி: "கம்யூனிகேஷன் எரர்". அவர் ரெண்டு தடவை முயற்சி பண்ணிட்டு "ஈசியூ போயிருக்கும் போல"ன்னு சொல்லிட்டார். சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டா, வண்டியைப் பார்க்காமலே அவங்களும் அதையே சொன்னாங்க. விலை லட்சத்துல. சித்தப்பா முகத்தைப் பார்க்க முடியலை. டியூ தேதி பக்கத்துல வந்தாச்சு.

"கண்ணு, நீ சாஃப்ட்வேர்ல தான இருக்கற, கொஞ்சம் பாரு"ன்னார்.

பார்த்தேன். என்ன பார்த்தேன்னு கேட்டா வெட்கமா இருக்கு. டிரைவரை (லாரி டிரைவர் இல்லீங்க, அந்த சாஃப்ட்வேர் டிரைவர்) அழிச்சுட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணினேன். யுஎஸ்பி கேபிளை மாத்தினேன். காம் போர்ட் நம்பரை மாத்தினேன். லேப்டாப்பை மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணினேன். அடாப்டர்ல பச்சை லைட் எரியுது, அதனால பவர் இருக்குன்னு நானே தீர்மானம் பண்ணிட்டேன். மூணு மணி நேரம் போச்சு.

சாயங்காலம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருத்தர் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். லேப்டாப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. அந்த 16 பின் கப்ளர்ல இருந்து அடாப்டரை உருவினார். டெஸ்ட் லேம்பை எடுத்து 16ம் பின்னுக்கும் 4ம் பின்னுக்கும் நடுவுல வெச்சார். எரியலை.

"தம்பி, இதுக்குக் கரண்டே வரலியே. அப்புறம் எப்படிப் பேசும்?"

"அண்ணா, லைட் எரிஞ்சுதுங்களே..."

"அது உங்க லேப்டாப் கரண்டு."

அவ்வளவுதான் விஷயம். அடாப்டரோட ஒரு பாதி யுஎஸ்பில உயிர் வாழுது, வண்டிப் பக்கம் இருக்கற இன்னொரு பாதிக்கு வண்டிதான் சோறு போடணும். டயக்னாஸ்டிக் கப்ளருக்குப் போற ஃப்யூஸ் அவுட். அதே ஃப்யூஸ்லதான் கேபின் சார்ஜர் சாக்கெட்டும். டிரைவர் அண்ணன் அதுல ஃபேன் மாட்டியிருந்தார். ஃப்யூஸ் விலையைச் சொன்னா அடிக்க வருவீங்க.

ஃப்யூஸ் மாத்தினதும் அவர் உடனே ஸ்கேனர் போடச் சொல்லலை. அதுதான் எனக்குப் பிடிச்சது. பேட்டரி மெயினை ஆஃப் பண்ணிட்டு, டெஸ்ட் லேம்பை ஓரமா வெச்சுட்டு (கேன் லைன்ல அதை வைக்கவே கூடாதாம்), மல்டிமீட்டரால 6க்கும் 14க்கும் நடுவுல ஓம்ஸ் பார்த்தார். 60. "லைன் நல்லா இருக்கு, இப்பப் போடுங்க"ன்னார். ஒயரோட ரெண்டு முனையிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணொண்ணு உண்டு, ரெண்டும் சேர்ந்தா 60. மீட்டர் 120 காட்டினா ஒண்ணு விட்டுப்போச்சு, இல்லேன்னா நடுவுல ஒயர் கட். 40 காட்டினா யாரோ ஜிபிஎஸ் பெட்டி மாதிரி எதையோ மாட்டி மூணாவதா ஒண்ணைச் சேர்த்துட்டாங்க. இதை நான் இன்ஜினியரிங்ல படிச்சு, பரீட்சையும் எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கேன் :-)

ஸ்கேனர் பேசுச்சு. நாக்ஸ் சென்சார் கோடு. சென்சார் கப்ளர்ல தண்ணி. ஈசியூவுக்கு ஒண்ணுமே இல்லை.

சரி, இப்ப நம்ம சண்டைக்கு வருவோம். என் கோபம் மெக்கானிக் மேல இல்லை. என்னை மாதிரி ஏசி ரூம்ல உக்காந்து "கம்யூனிகேஷன் எரர்"னு ஒரே வரியில முடிச்ச அந்தப் புரோகிராமர் மேல.

அவனுக்குத் தெரியாதா? தெரியும்ங்க. ரொம்ப மலிவான கார் அடாப்டர்ல கூட பேட்டரி வோல்ட்டேஜைக் கேட்க ஒரு கமாண்ட் இருக்கு. பூஜ்யம்னு வந்தா "வண்டியிலிருந்து பவர் வரவில்லை, ஃப்யூஸ் பாருங்கள்"னு எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்தது, பெரிய வண்டிகள்ல ஓடற ஜே1939 முறையில இன்ஜின் கம்ப்யூட்டர் யாரும் கேட்காமலே ஆர்பிஎம் மாதிரி சமாச்சாரங்களை நொடிக்குப் பல தடவை கத்திக்கிட்டே இருக்கும். ஸ்கேனர் சும்மா காது கொடுத்தாலே போதும். சத்தமே இல்லையா, சாவி ஆஃப்ல இருக்கு, இல்ல ஒயர் கட். சத்தம் வருது ஆனா குப்பையா வருதா, வேகம் தப்பு. 250க்குப் பதில் 500 கிலோபிட்ல கேக்கறோம். சுத்தமா கேக்குது, ஆனா நம்ம கேள்விக்கு மட்டும் பதில் இல்லையா, அப்ப வண்டி தெரிஞ்சே மறுக்குது. இத்தனையும் அந்த கேன் சிப்புக்குத் தெரியும். பாஷ் கம்பெனி 1986ல கேனை வெளியிட்டபோதே தப்பு கண்டுபிடிக்கறதை உள்ளேயே வெச்சுத்தான் செஞ்சாங்க. சிப் சொல்றதை எல்லாம் மூட்டை கட்டி ஒரே வரியில அடைச்சது நாம.

அமெரிக்க லாரிகள்ல 9 பின் கப்ளர். 500ல ஓடற வண்டிக்குப் பச்சைக் கலர், பழைய 250க்குக் கறுப்பு. கறுப்பு ஒயர் பச்சை சாக்கெட்டுல நுழையவே நுழையாது. பிளாஸ்டிக் அச்சு வார்த்த ஆளுக்கு இருந்த அக்கறை நமக்கு இல்லை பாருங்க.

"செக்யூரிட்டி"ன்னு ஒரு கட்சி வரும். நியாயம்தான். 2015ல ஜீப் செரோக்கியை ரெண்டு பேர் தூரத்திலிருந்தே நிறுத்திக் காட்டினதும் 14 லட்சம் வண்டியைத் திரும்ப அழைச்சாங்க. 2018 மாடலிலிருந்து அந்தக் குழும வண்டிகள்ல, ராம் பிக்கப் டிரக் உட்பட, கேட்வே பூட்டு வர ஆரம்பிச்சுது. பதிவு செஞ்ச ஸ்கேனர்தான் கோடை அழிக்க முடியும். பூட்டு போடுங்க சாமி, வேண்டாம்னு சொல்லலை. பூட்டியிருக்குன்னு போர்டு வைங்க. பூட்டின கதவுக்கு முன்னாடி நின்னு வீட்டுல ஆள் செத்துட்டாங்கன்னு நினைக்க வைக்காதீங்க.

ஆபீஸ் நண்பன்கிட்ட இதைப் புலம்பினேன். "யூசரைக் குழப்பக் கூடாதுடா"ன்னான். அந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் குழம்புற ஆளா? குழம்பினது நான். அவருக்கு அந்த ஒரு வரி எதுவுமே சொல்லலை, அதனால அதை அவர் பார்க்கறதையே விட்டுட்டார். மெக்கானிக்குக் கொஞ்சம் சொல்லியிருந்தா ஈசியூ பேச்சே வந்திருக்காது. இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தா சித்தப்பா அட்வான்ஸ் கட்டியிருப்பார்.

இதை எழுத எனக்கு அருகதை இருக்கான்னு தெரியலை. திங்கக்கிழமை ஆபீஸ் போனதும் என் கோடுல தேடிப் பார்த்தேன். "சம்திங் வென்ட் ராங்" பதினோரு இடத்துல இருந்துச்சு. நாலை மாத்திட்டேன். மீதிக்கு மேனேஜர், "அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்"னுட்டார்.

பி.கு: வண்டி அன்னிக்கு ராத்திரியே முட்டை ஏத்திட்டுக் கிளம்பிடுச்சு. ஃபேன் இன்னும் அதே சாக்கெட்டுலதான் ஓடுதாம். டேஷ்போர்டு பெட்டியில ஆறு ஃப்யூஸ் எக்ஸ்ட்ரா வாங்கிப் போட்டிருக்கார் சித்தப்பா.