தண்ணீர் போகும் வழி தெரியுமா?

கொருக்குப்பேட்டையில் மழை பெய்கிறது. தெருவில் ஓடும் தண்ணீர் எங்கே போகிறது?

"கால்வாய்க்குப் போகிறது" என்பார்கள். கால்வாய்க்குப் பிறகு? பதில் சொல்பவர்கள் சிலர்தான்.

அந்தப் பதில் இன்று வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆம், செல்போனில் உள்ள வரைபடம்தான் அது! கல்யாண மண்டபத்துக்கு வழி தேட மட்டுமே பலர் அதைத் திறக்கிறார்கள். சொந்த ஊரைப் பார்ப்பவர்கள் குறைவு.

பார்க்க வேண்டும்!

கொருக்குப்பேட்டை ரெயில் நிலையத்தில் விரலை வையுங்கள். சென்ட்ரல் தண்டவாளமும் ராயபுரம் பக்கத்துத் தண்டவாளமும் இங்கே கூடுகின்றன. அருகில் நீளமாக ஒரு நீலக்கோடு தெரியும். அதுதான் பக்கிங்காம் கால்வாய். சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே 1806-ம் ஆண்டில் வெட்டியது. அப்போது படகு ஓடிய வழி. இப்போது கழிவுநீர் ஓடும் வழி.

விரலை வடக்கே நகர்த்துங்கள். தண்டையார்பேட்டை வரும். இடப்பக்கம் மணலி, வலப்பக்கம் திருவொற்றியூர். பிறகு எண்ணூர். அங்கே கொசஸ்தலை ஆறு. அப்பால் கடல்!

இந்தக் கோட்டைத் தெரிந்துகொள்வதால் என்ன லாபம்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மணலி எண்ணெய் ஆலையில் இருந்து வெளியேறிய எண்ணெய் வெள்ளத்தோடு கலந்தது. இதே கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனது. படகு கறுத்தது, வலை கறுத்தது. மீனவர் வீட்டில் உலை ஏறவில்லை. மணலிக்கும் எண்ணூருக்கும் உள்ள உறவை அன்றுதான் பலர் அறிந்தார்கள். வரைபடம் அதை முன்பே சொல்லிக்கொண்டு இருந்தது!

2015 வெள்ளத்தின்போது, தண்ணீர் தேங்கிய தெருக்களைப் பொதுமக்களே 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' அடிப்படையிலான இணைய வரைபடத்தில் குறித்தார்கள். எந்தத் தெருவில் போகலாம், எதில் போகக்கூடாது என்று மற்றவர்கள் தெரிந்துகொண்டார்கள். படம் பார்ப்பவர்களே படம் வரைபவர்களாகவும் ஆனார்கள்.

ஆனால் ஒன்று. படத்தில் வெறுமையாகத் தெரியும் இடம் எல்லாம் வெற்று இடம் அல்ல! எண்ணூர்ப் பக்கம் அது உப்பளமாக இருக்கும். சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் ஏழைகளின் வயலாக இருக்கும். மழைத் தண்ணீர் ஒதுங்கும் மடியாக இருக்கும். அதை மண் கொட்டி மூடினால், தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும்.

'கூகுள் எர்த்'தில் பழைய ஆண்டுகளின் படங்களும் உள்ளன. எங்கே நீர் இருந்தது, எங்கே கட்டடம் வந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளை செல்போனைப் பிடிக்கட்டும். பாட்டி பக்கத்தில் உட்காரட்டும். "இங்கே ஒரு குட்டை இருந்ததே" என்று பாட்டி சொல்வாள். அது எந்தப் படத்திலும் இருக்காது. பிள்ளை அதைக் குறித்துக்கொள்ளட்டும்.

கால்வாய் அடைத்துக்கொண்டால், அந்த இடத்தைப் படத்தில் காட்டி மனுக் கொடுங்கள். "எங்கள் தெருவில் தண்ணீர்" என்று சொல்வதைவிட, "இந்த இடத்தில் அடைப்பு" என்று காட்டுவது வலிமை உடையது.

மழை வருமுன் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்!