கண்ணீரோடு முடியலாமா?

கல்விச் சுற்றுலா என்றதும் நம் நினைவுக்கு வருவன கோட்டைகளும் கோபுரங்களும், அருவிகளும் அணைகளுமே. ஆனால், ஆண்டுதோறும் பல நாட்டு மாணவர்கள் ஆயிரக்கணக்கில் போலந்துக்குச் செல்கின்றனரே, எதைக் காண? மனிதனை மனிதன் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் முகாமைக் காண!

நாஜி ஜெர்மனி, தான் கைப்பற்றிய போலந்தில் 1940-ல் அமைத்த கொலைக்களம் அது. 1945 ஜனவரி 27-ல் சோவியத் படை வந்து மீட்பதற்குள் அங்கு மாண்டவர் ஏறத்தாழ 11 லட்சம் பேர். அவருள் ஏறத்தாழ 10 லட்சம் பேர் யூதர்கள். 1947 முதல் நினைவுக்கூடமாக விளங்கும் அவ்விடத்தில், மாண்டோரின் காலணிகளும், பெயர் தீட்டிய பெட்டிகளும், மழிக்கப்பட்ட தலைமயிரும் குவியல் குவியலாகக் கிடக்கின்றன.

"இளம் உள்ளங்களுக்கு இந்தக் கோரம் எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 14 வயதுக்குட்பட்டோரை அழைத்துவர வேண்டாமென்று நினைவுக்கூடமே அறிவுறுத்துகிறது. ஆனால், நாளை வாக்குச்சீட்டு ஏந்தப்போகும் இளைஞனிடம் வரலாற்றின் இருண்ட பக்கத்தை எத்தனை நாள் மறைப்பது?

"அங்கும் சிரித்துப் படம் எடுக்கிறார்களே!" என்று வருந்துவோரும் உளர். குற்றம் பிள்ளைகளுடையதா? ஆயத்தம் செய்யாமல் அனுப்பியவர்களுடையது! பிரிட்டனில் 1999 முதல் நடைபெறும் திட்டமொன்றில், பயணத்திற்கு முன்னும் பின்னும் வகுப்புகள் உண்டு. சென்று திரும்பியவர்கள், கண்டதைத் தம் பள்ளியில் எடுத்துரைக்கவும் வேண்டும். அதுவே முறை.

எதை எடுத்துரைப்பது? மாண்டவர் துயரை மட்டுமா? கொன்றவர் எவ்வாறு உருவாயினர் என்பதையும் அன்றோ! 1942 ஜனவரி 20-ல் பெர்லினின் வான்சீ பகுதியில் 15 பேர் கூடி, யூத இன அழிப்பை எவ்வாறு நிறைவேற்றுவதென்று கலந்து பேசினர். அவர்கள் பாமரர்களா? அல்லர்! எண்மர் டாக்டர் பட்டம் பெற்றவர்கள். ஆம், கற்றவர்கள்தாம் கலந்து பேசினர்!

நச்சுப்புகையோடு தொடங்கிய கொடுமையன்று அது. 1933-ல் யூதர் கடைகளைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். 1935-ல் சட்டம் இயற்றிக் குடியுரிமையைப் பறித்தார்கள். பின்னர்தான் ரயில் ஏற்றினார்கள். பட்டியல் எழுதிய குமாஸ்தாவும், வண்டியோட்டிய ஊழியனும், நச்சுமருந்து விற்ற வணிகனும் தத்தம் அலுவலை ஒழுங்காகவே செய்தனர். தட்டிக்கேட்டவர் சிலர், வாய்மூடி நின்றவர் பலர்.

கொன்றவரின் நாட்டிலிருந்தும் மாணவர்கள் அங்கே செல்கின்றனர். பாட்டன் செய்த பழிக்குப் பேரன் குற்றவாளியல்லன். ஆனால், அதை மறந்துவிடும் உரிமை அவனுக்கு இல்லை. நமக்கும் இல்லை.

ஆகவே அன்பர்களே, அங்கிருந்து திரும்பும் மாணவனிடம், "அழுதாயா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "நாளை உன் தெருவில் ஒருவனை இழிபெயரிட்டு ஒதுக்கினால், நீ என்ன செய்வாய்?" என்றும் கேளுங்கள். அதற்கு அவன் விடை தேடத் தொடங்கினால், பயணத்துக்குச் செலவிட்ட பணம் வீண்போகவில்லை!