வழிநடைக் கல்வி

பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்காது, நாடுகள் பலவற்றையும் குடும்பத்தோடு சுற்றிவந்து, பெற்றோரே ஆசிரியராய் அமைந்து கற்பிக்கும் வழக்கம் இக்காலத்துச் செல்வமுடைய குடும்பங்கள் சிலவற்றிற் காணப்படுகின்றது. உலகமே பள்ளி என்பர் ஒரு சாரார். ஒழுங்கற்ற கல்வி காற்றிலிட்ட விளக்கு என்பர் மற்றொரு சாரார். இதனை ஆராய்தற்கு நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. நம் காவிரி நாட்டிலேயே சான்று உளது.

பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சார்ந்த குடும்பத்தில் 1855-ஆம் ஆண்டு தோன்றியவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். அவர்தம் தந்தையார் வேங்கடசுப்பையர், இராமகதை பாடிப் பொருளீட்டிய இசைவல்லார். பிழைப்பின் பொருட்டு ஊர் ஊராகக் குடிபெயர்ந்தது அக்குடும்பம். மகனும் இசைவாணனாதல் வேண்டும் என்பதே தந்தையார் விருப்பம். ஆயினும், மகனது உள்ளம் தமிழிற் படிந்தமை கண்டு, அரியலூரிற் சடகோபையங்காரிடத்தும், கார்குடியிற் கஸ்தூரி ஐயங்காரிடத்தும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடத்தும் பாடங்கேட்கச் செய்தார். முடிவில், 1871-இல், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஒப்புவித்தார். ஆசிரியர் திருவாவடுதுறை, பட்டீச்சுரம் முதலிய ஊர்களிற் றங்கிய காலத்தும் மாணவர் உடனிருந்து கற்றார். அங்ஙனம் கற்றவரே 1880-இற் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகி, 1887-இற் சீவகசிந்தாமணியை அச்சேற்றினார்.

அவரைப் புலவராக்கியது வழிநடை மட்டுமோ? அன்று. தமக்குத் தெரிந்ததே போதும் என்றிராது, தம்மினும் வல்லாரைத் தேடி மகனை அவர்பால் விடுத்த தந்தையாரின் பணிவே அன்றோ அதற்கு அடிப்படை! நாடு சுற்றும் பெற்றோர் இதனை மறவாராயின், அவர்தம் முயற்சியை நாம் குறை கூறோம்.

ஆனால், நம் மனத்தை வருத்துவது பிறிதொன்று. சம்பா அறுவடை முடிந்ததும், இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களிலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு நம் வயல்களுக்கு வருகின்றனர். இரவிற் கிடை போடுகின்றனர். ஆட்டெருவால் நிலம் வளம் பெறுகின்றது. நாமும் அந்நெல்லை உண்கின்றோம். அவர்தம் பிள்ளைகள் சிலரும் உடன்வந்து, ஒரு வயலிலிருந்து மறு வயலுக்குப் பெயர்கின்றனர். 6 முதல் 14 அகவை வரையுள்ள பிள்ளைகள் அனைவர்க்கும் இலவசக் கல்வி உரிமையாம் என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. பள்ளியோ ஓரிடத்தில் நிற்கின்றது, கிடையோ நிற்பதில்லை. செல்வர் மகன் ஊர் சுற்றினால் உலகக் கல்வி என வியக்கின்றோம். கீதாரி மகன் ஊர் சுற்றினால் இடைநின்றவன் என ஏட்டிற் குறித்து மறந்துவிடுகின்றோம். இஃது எவ்வகை நீதி?

அப்பிள்ளைகட்கு விண்மீன் தெரியும்; புல்லின் வகை தெரியும்; ஆட்டின் நோய் தெரியும். அவற்றோடு எழுத்தும் எண்ணும் சேர்த்தளிப்பாரே இலர். கிடையுள்ள ஊரின் பள்ளியே அப்பிள்ளைகளைச் சின்னாட்களுக்கேனும் ஏற்று, கற்ற அளவைக் குறித்துக்கொடுத்து, அடுத்த ஊர்ப் பள்ளிக்கு அனுப்புதல் வேண்டும். சிற்றூர்களினின்று வந்துள்ள மாணவ நண்பர்காள்! இவ்வாண்டு மாசியில் நும் ஊர் வயலிற் கிடை இறங்குமாயின், ஒரு பலகையும் சிறிது சுண்ணக்கட்டியும் எடுத்துக்கொண்டு மாலையில் ஆண்டுச் செல்லுங்கள். ஆசிரியரைத் தேடி அலைய அப்பிள்ளைகட்கு வாய்ப்பில்லை. ஆதலின் ஆசிரியரே அவர்களைத் தேடிச் செல்லுதல் கடன்.