ஏறாவிட்டாலும் அருகில் இருக்கலாம்

குதிரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டவர், முழுமையாகக் குணமாகும்வரை லாயத்தின் பக்கமே போகக்கூடாது எனச் சிலர் கருதுகின்றனர். இக்கருத்து ஏற்புடையதன்று. மருத்துவர் அனுமதித்தால், சவாரி செய்யாமலேயே குதிரையுடன் நேரம் செலவிடலாம். பழகிய குரலைக் குதிரை அடையாளம் கண்டுகொள்ளும். பேசினாலே உறவு தொடரும். ஆயினும், ஏறத்தாழ 500 கிலோகிராம் எடையுள்ள குதிரை சற்று இடித்தாலும் ஊன்றுகோலுடன் நிற்பவர் விழக்கூடும். எனவே, கயிற்றைப் பிடிக்கத் துணைக்கு ஒருவர் வேண்டும்.

டென்மார்க் வீராங்கனை லிஸ் ஹார்ட்டல் 1944இல் இளம்பிள்ளை வாதத்தால் முடங்கினார். முழங்காலுக்குக் கீழே இயக்கம் திரும்பாதபோதும், படிப்படியாகப் பயின்று 1952 ஒலிம்பிக் குதிரையேற்றப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். நோயோ காயமோ, அவசரப்படாமலும் குதிரையை விட்டு விலகாமலும் இருப்பவரே நலமாக மீண்டும் சேணத்தில் அமர்வார்.