ஞாயிறு நடை: ஆரின்ரை காணி இது?



கோட்டை பார்க்கப் போவோம் என்று நாம் அழைத்தபோது பலரும் கேட்ட முதற் கேள்வி, "ரிக்கற் எவ்வளவு?" இரண்டாவது கேள்வி, "காட்டுக்குள்ளாலையோ?" இரண்டாவதைக் கேட்ட ஓர் அக்கா அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. 2009இல் வன்னியில் இருந்து வந்தவர் அவர். காடு என்றால் அவருக்கு என்ன நினைவு வரும் என்று நாமும் கேட்கவில்லை.

சித்திரை மாதக் கடைசி ஞாயிறு காலை ஷின்ஸ்நாக் பாட் என்ற சின்ன ரயில் நிலையத்தில் பெரியவர்களும் பிள்ளைகளுமாக இருபது பேர் இறங்கினோம். ஆர்கவ் மாநிலத்தில், ப்ரூக்கிற்கும் ஆராவிற்கும் நடுவே, ஆரெ ஆற்றங்கரையில் உள்ள இடம். வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். எமக்காகச் சுவிஸ் டொச்சை விட்டு எழுத்து டொச்சில், அதுவும் ஆறுதலாகப் பேசினார்.

காடு தொடங்கும் இடத்தில் வேலியும் இல்லை, படலையும் இல்லை. வந்து ஏழு மாதமேயான ஒரு தம்பி அங்கேயே நின்றுவிட்டார். "இது ஆரின்ரை காணி? உள்ளுக்கை போனால் பொலிஸ் வராதோ?" என்றார். நாம் சிரித்தோம், பிறகு வெட்கப்பட்டோம். வந்த புதிதில் நாமும் அப்படித்தான் நின்றோம்.

ஆசிரியையிடம் கேள்வியை மொழிபெயர்த்துச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. காணி யாருடையதாகவும் இருக்கலாம், நடப்பதற்கு அவரிடம் கேட்கத் தேவையில்லை என்றார். 1912ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள சுவிஸ் குடியியற் சட்டத்தின் 699ஆம் பிரிவு அது. காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் நடக்கலாம். ஊர் வழமைக்கு ஏற்ற அளவில் காட்டுப் பழங்களும் காளான்களும் பறிக்கலாம். அதிகாரிகள் ஓரிடத்தைக் குறித்துத் தடை போட்டிருந்தால் மட்டும் அங்கே கூடாது. இந்த உரிமை யாருக்கு என்பதற்குச் சட்டம் எழுதியுள்ள சொல் 'எவருக்கும்'. சுவிஸ் பிரசைக்கு என்று எழுதவில்லை. கையில் இருப்பது என் அட்டையா, எஃப் அட்டையா, பி அட்டையா என்று மரம் கேட்காது, சட்டமும் கேட்காது. தம்பி அந்த இலக்கத்தைக் கைத்தொலைபேசியில் குறித்துக்கொண்டார்.

ஏற்றம் முக்கால் மணித்தியாலம். வழி தவறப் பயமில்லை, மஞ்சள் பலகைகள் இருக்கின்றன. அவற்றில் கிலோமீற்றர் இராது, நடக்கும் நேரமே இருக்கும். அது ஓய்வின்றி நடப்பவர் கணக்கு. பிள்ளைகளோடு போனால் பாதி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தும் முகம் பாராதவர்கள் இங்கே எதிர்ப்பட்டால் 'குறுயெட்சி' சொல்லுவார்கள். திருப்பிச் சொல்லுங்கள்.

பாதையோரம் முழுவதும் உள்ளி மணம். பெயர்லவுக் என்ற காட்டு உள்ளி இலை அது. சம்பலுக்கு ஆகும் என்று கை நீட்டிய நம்மவரை ஆசிரியை தடுத்தார். அதே தோற்றமுள்ள வேறு இரண்டு இலைகள் நஞ்சு, அவற்றில் ஒன்று உயிரையே எடுக்கும். ஒன்றைப் பிடுங்கிய கையில் உள்ளி மணம் ஒட்டிவிடுவதால் அடுத்ததை மணந்து பார்த்துப் பிரிக்கவும் இயலாது. தெரிந்தவர் கூட இல்லாமல் பறிக்க வேண்டாம். வீடு திரும்பியதும் பிள்ளைகளின் முழங்காற் பின்புறம், கக்கம், தலை எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். கடித்த இடத்தைச் சுற்றிப் பிறகு சிவப்பு வட்டம் படர்ந்தால் வைத்தியரிடம் போக வேண்டும்.

மேலே போனதும் பிள்ளைகளுக்கு ஏமாற்றம். "இவ்வளவு சின்னனோ?" ஒரு கோபுரம், ஒரு கல்வீடு, இடிந்த பாதி. ஆனால் ஏறத்தாழ 1030இல் ராட்போட் என்ற பிரபு கட்டிய இந்த வீட்டின் பெயரைத்தான் ஹப்ஸ்பேர்க் வம்சம் வைத்துக்கொண்டது. 1273இல் ருடோல்ப் ஜேர்மன் அரசனானான். அந்தப் பெயரோடு வியன்னாவிலும் மட்ரிட்டிலும் இருந்து அரசாண்டார்கள், 1918வரை. ஆனால் 13ஆம் நூற்றாண்டிலேயே இங்கிருந்து பெயர்ந்துவிட்டார்கள். 1415இல் பேர்ன் படை வந்து ஊரையே எடுத்துக்கொண்டது. "எங்கடை ஆக்கள் கடைக்கு ஊர்ப்பேர் வைக்கிற மாதிரி" என்றார் ஓர் ஐயா.

இடிந்த பாதியில் ஒரு கிணறு. ஏறத்தாழ 70 மீற்றர் ஆழம், பாறையைக் குடைந்தது. நாலைந்து பாகத்தில் தண்ணீர் கண்டு பழகிய யாழ்ப்பாணத்தார் எல்லோரும் கோட்டையை விட்டுவிட்டு அதைச் சுற்றி நின்றார்கள். துலா சரிவராது, கயிறு எத்தனை முழம் வேண்டும் என்று பெரிய விவாதம். ஆசிரியைக்குத் துலாவைக் கையால் செய்து காட்டி விளங்கப்படுத்தியவர், காலையில் பேசாமல் இருந்த அந்த அக்கா.

உணவுச்சாலை விலையைப் பார்த்தபின் புல்லில் இருந்து, கொண்டுபோன ரோல்சும் புளிச்சோறும் சாப்பிட்டோம். ஆசிரியைக்கு ரோல்ஸ் இரண்டு.

"கோட்டை இப்ப ஆரின்ரை?" என்று கேட்டார் தம்பி. 1804 முதல் ஆர்கவ் மாநிலத்தினுடையது.

இறங்கி ரயிலுக்கு நின்றபோது, அடுத்த முறை லென்ஸ்பேர்க் கோட்டைக்குப் போகலாம், அதுவும் மலைமேல்தான் என்றார் ஆசிரியை. தம்பி நம்மைத் திரும்பிப் பார்த்தார்.

"அது ஆரின்ரை?"