பூங்காவுக்குப் பெயர் வைக்க யாரைக் கேட்பீர்கள்?

"புதிய பூங்காவுக்குப் பெயர் சூட்டப் பொதுமக்கள் கருத்துத் தெரிவிக்கலாம்" என்று ஒரு நகராட்சியின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. நல்ல செய்திதானே என்று கூட்டத்துக்குப் போனேன். வேலைநாள், காலை பதினொரு மணி, கடைத்தெருக் கல்யாண மண்டபம். அந்த நேரத்தில் நம் அம்மாக்கள் வீட்டு வேலையிலும் கட்டட வேலையிலும் துப்புரவுப் பணியிலும் இருப்பார்கள். நம் தெருவிலிருந்து வந்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒரு பெரியவர் தயங்கி எழுந்து, "அம்பேத்கர் பூங்கான்னு வைக்கலாமே" என்றார். மேடையிலிருந்து பதில் வந்தது: "அது பிரச்சினை ஆகும்யா. பொதுவா ஒரு பேர் சொல்லுங்க."

அந்தப் "பொதுவா" என்ற சொல்லைத்தான் நாம் பேச வேண்டும், தோழர்களே.

அரசமைப்புச் சட்டத்தை எழுதிய குழுவின் தலைவர் "பொது" இல்லையாம். அவர் சாதித் தலைவராம். மற்றவர்களின் தலைவர்கள் மட்டும் எல்லோருக்கும் பொதுவாம். சேரிக்காரர் சொன்னால் அது சாதி, ஊர்க்காரர் சொன்னால் அது மக்கள் கருத்து. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நடத்தும் கருத்துக் கேட்பு வெறும் சடங்கு.

இது ஒரு ஊரின் கதை மட்டுமல்ல. 1997இல் விருதுநகர் மாவட்டத்தில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் அரசு ஒரு போக்குவரத்துக் கழகத்தைத் தொடங்கியது. அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள், தென்மாவட்டங்கள் கலவரத்தில் எரிந்தன. அரசு என்ன செய்தது? மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. ஒரு தலித் வீரனின் பெயரைத் தாங்குவதைவிட யார் பெயருமே வேண்டாம் என்பதுதான் அந்தச் சமரசம்!

2022 மே மாதம் ஆந்திரத்தின் கோனசீமா மாவட்டத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சேர்க்க அறிவிக்கை வந்தது. ஆட்சேபம் இருந்தால் 30 நாட்களுக்குள் தெரிவிக்கலாம் என்று அவகாசமும் தரப்பட்டது. அது முடியும்வரை கூட யாரும் காத்திருக்கவில்லை. மே 24 அன்று அமலாபுரத்தில் தலித் அமைச்சர் ஒருவரின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். ஆனால் அங்கே அரசு பின்வாங்கவில்லை, பெயர் நிலைத்தது. அரசு உறுதியாக நின்றால் பெயர் நிற்கும் என்பதற்கு இதுவே சான்று.

"பெயரா முக்கியம்? நிலம், படிப்பு, வேலை என்று போராடுங்கள்" என்று நம் நண்பர்களே சொல்வதுண்டு. பெயர் முக்கியமில்லை என்றால் அதற்காக ஏன் வீடுகள் எரிகின்றன? "காலனி" என்ற சொல் தீண்டாமையின் குறியீடாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சரே சட்டமன்றத்தில் அறிவிக்க நேர்ந்தது ஏன்?

"பெரும்பான்மை முடிவுதானே ஜனநாயகம்" என்பது அடுத்த வாதம். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவைப் படியுங்கள். அரசு நிதியில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை, மக்கள் கூடும் இடம் எதிலும் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. பூங்கா மக்கள் கூடும் இடம்தான். அங்கே நமக்குள்ள சம உரிமை யாருடைய வாக்கெடுப்புக்கும் உட்பட்டதல்ல. அந்த இடத்தின் பெயரைப் பேசும்போது மட்டும் நம் குரல் ஏன் "பிரச்சினை" ஆகிறது?

அம்பேத்கர் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. அந்த ஊரின் பறைக் கலைஞர் பெயராக இருக்கட்டும், காலமெல்லாம் தெருக் கூட்டிய ஒரு பாட்டியின் பெயராக இருக்கட்டும். சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் ஆங்கிலேய ஆளுநர் நேப்பியரின் பெயரில் இருந்த பூங்கா, மே தினப் பூங்கா ஆனது. உழைப்பவர்களின் நாள் ஒரு பூங்காவுக்குப் பெயராகலாம் என்றால் உழைப்பவரின் பெயரும் ஆகலாம்.

ஆகவே அடுத்த அறிவிப்பு ஒட்டப்படும்போது இவற்றைக் கேளுங்கள். கூட்டம் சேரியிலும் நடக்க வேண்டும், வேலை முடிந்து வரும் மாலை நேரத்தில். பூங்காவைக் கூட்டப் போகும் தூய்மைப் பணியாளர்களையும், அங்கே விளையாடப் போகும் பிள்ளைகளையும் கேட்க வேண்டும். சொல்லப்பட்ட ஒவ்வொரு பெயரும் பதிவாக வேண்டும், நிராகரித்தால் காரணம் எழுத்தில் வேண்டும். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. "பிரச்சினை வரும்" என்பது காரணமே அல்ல. பிரச்சினை செய்பவர் மீதுதான் நடவடிக்கை வேண்டும், பெயர் சொன்னவர் மீதல்ல.

பெயர்ப்பலகையோடும் நின்றுவிடாதீர்கள். மகாடு நகராட்சி சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக 1924இலேயே தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் கிடந்தது. 1927 மார்ச்சில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்த பிறகுதான் அது உரிமைப் போர் ஆனது. பூங்கா திறக்கும் முதல் மாலையே நம் பிள்ளைகள் ஊஞ்சலில் இருக்க வேண்டும். "எந்தத் தெரு?" என்று வாசலில் எவரும் கேட்கக் கூடாது.

அடுத்த கூட்டத்துக்கு மூன்று பேராகப் போகாதீர்கள், முப்பது பேராகப் போங்கள். அந்தப் பெரியவரை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவர் இந்த முறை தயங்காமல் எழட்டும்.

ஜெய் பீம்!